மூன்றாவது அறையில்தான் மறுக்கக் கற்றேன்

மனநலச் சிகிச்சையாளருடன் முதல் சந்திப்பு முடிந்து கீழே இறங்கி வந்தபோது வண்டியை எங்கே நிறுத்தினேன் என்பது நினைவுக்கு வரவில்லை. தெருவின் இரு பக்கமும் நடந்து பார்த்தேன்; அடுத்த தெருவுக்கும் போய்ப் பார்த்தேன்; என் வண்டியின் நிறத்தில் நின்ற ஒவ்வொன்றின் எண் பலகையையும் குனிந்து படித்தேன். ஏறத்தாழ 40 நிமிடங்கள் கழித்துச் சட்டைப்பையில் கைவிட்டபோது பேருந்துச் சீட்டு ஒன்று அகப்பட்டது. அன்று நான் வண்டியிலேயே வரவில்லை. அதைப் பார்த்த பிறகும் எனக்கு அச்சம் எழவில்லை, வெட்கம்தான் எழுந்தது. அழுது களைத்ததால் வந்த மறதி என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு அங்கே போனேன். அப்படியே ஐந்து மாதங்கள் போய்க்கொண்டிருந்தேன்.

என் 7 வயதிலிருந்து 11 வயது வரை, குடும்பத்துக்கு நெருங்கிய பெரியவர் ஒருவரால் எனக்கு நேர்ந்தவற்றை இங்கே விவரிக்கப் போவதில்லை. நான் எழுத வந்தது, அதற்குச் சிகிச்சை தேடிப் புறப்பட்ட பிறகு இழந்த காலத்தையும் பணத்தையும் பற்றி. அந்த இழப்பில் பெரும்பகுதி தவிர்த்திருக்கக்கூடியது. யாராவது ஒருவர் முன்னதாகச் சொல்லியிருந்தால் போதும். இதே வரலாறு உடையவர்கள் படிக்கும்போது உடல் இறுகினால் பாதியில் நிறுத்திவிட்டு வேறொரு நாள் வரலாம். ஒரே மூச்சில் படித்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

சிகிச்சையாளரின் கதவைத் தட்டியபோது எனக்கு வயது 34. அதற்கு முன் பத்து ஆண்டுகளுக்கு மேலாக நெஞ்சு படபடப்புக்கும், வயிற்றுவலிக்கும், தூக்கமின்மைக்கும் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தேன். இ.சி.ஜி., தைராய்டு, எண்டோஸ்கோப்பி என்று எடுத்த சோதனைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. மனநல மருத்துவர்களில் ஒருவர் மனச்சோர்வு என்றார், இன்னொருவர் பதற்ற நோய் என்றார், மூன்றாமவர் ஒரே நாளில் என் மனநிலை பலமுறை மாறுவதைக் கேட்டுவிட்டு இருமுனை மனநோய் என்று முடிவுகட்டி மாத்திரை எழுதினார். அதை 14 மாதங்கள் விழுங்கினேன். இருமுனை நோயில் மனம் உயர்ந்து நிற்கும் நிலை நாட்கணக்கில் நீடிக்கும் என்பதையும், எனக்கோ பக்கத்து மேசையில் ஒரு குரல் உயர்ந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் மாறிவிடும் என்பதையும் பொருத்திப் பார்க்க அப்போது எனக்குத் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சிறுவயதைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 1998-ஆம் ஆண்டிலேயே ஃபெலிட்டி, ஆண்டா என்ற அமெரிக்க மருத்துவர்களின் குழு, 9,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், சிறுவயதுக் கொடுமைகளின் வகைகள் கூடக்கூடப் பிற்கால உடல்நோய்களும் மனநோய்களும் கூடுதலாகக் காணப்படுவதைக் காட்டியிருந்தது. அதை வைத்து என் வயிற்றுவலிக்குக் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருக்கலாம். கேட்காவிட்டால் நாமே ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ‘சிறுவயதில் எனக்குக் கொடுமை நடந்தது, விவரம் இப்போது வேண்டாம், ஆனால் நோயைக் கணிக்கும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.’ இந்த வரியைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

முதல் சிகிச்சையாளர் கடுமையானவர் அல்லர், மிகவும் கனிவானவர். என் சிக்கலே அந்தக் கனிவில்தான் தொடங்கியது. 20 அமர்வுகளுக்கு மொத்தமாகக் கட்டினால் கட்டணம் குறையும் என்றார்கள். ஒன்றரை மாதச் சம்பளத்தை அன்றே கட்டிவிட்டேன். ‘உள்ளே அடைத்து வைத்ததைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும்’ என்று அவர் சொல்ல, முதல் நாளே ஒரு மணி நேரத்தில் நான்கு ஆண்டுகளையும் கொட்டினேன். அடுத்தடுத்த வாரங்களிலும் அதையே தோண்டினோம். கனவுகள் வாரத்துக்கு ஒன்றிலிருந்து நாளுக்கு ஒன்றாயின. அலுவலகத்தில் திரையைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து, மேலாளர் தோளைத் தொட்டபோது நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தேன். அதன்பின் ஏழு வாரங்கள் சம்பளமில்லா விடுப்பு. ‘குறைவதற்கு முன் கூடத்தான் செய்யும்’ என்றார் அவர். அது முழுப் பொய் அல்ல என்பதுதான் தொல்லை. மனவடு நினைவுகளைத் தொடத் தொடங்கும்போது சிலருக்கு அறிகுறிகள் சிறிது காலம் கூடுவது உண்டு. ஆனால் அந்த ஏற்றம் சில வாரங்களில் இறங்க வேண்டும், அன்றாட வேலைகளையும் ஒருவாறு செய்ய முடிய வேண்டும். எனக்கு மூன்று மாதங்களாக ஏறிக்கொண்டே இருந்தது. அப்போது தூங்கிய மணி நேரம், கெட்ட கனவுகளின் எண்ணிக்கை, வேலைக்குப் போகாத நாட்கள் என மூன்றே எண்களை வாரந்தோறும் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால், ஆறாவது வாரத்திலேயே அந்தத் தாளை அவர் முன் வைத்துப் பேசியிருக்கலாம். பிற்பாடு அதைச் செய்யக் கற்றுக்கொண்டேன். வாதம் செய்யத் துணிவில்லாதவர்களுக்கு எண்கள் நல்ல துணை.

பதினேழாவது அமர்வில், கொடுமை செய்தவரை மன்னித்துக் கடிதம் எழுதி வரச் சொன்னார். எழுதினேன். அடித்தல் திருத்தல் வந்ததால் இரண்டு முறை படியெடுத்து, ஓரம் விட்டு, அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுப் பாராட்டியபோது எனக்குள் எழுந்த மகிழ்ச்சியை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஆசிரியரிடம் நட்சத்திரம் வாங்கிய பிள்ளையின் மகிழ்ச்சி அது. அந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை. அறையில் இருக்கும் பெரியவர் என்ன விரும்புகிறார் என்பதை அவர் முகத்திலிருந்தே கணித்து, அவர் கேட்பதற்கு முன் செய்து முடித்துவிடுவது, 7 வயதில் நான் உயிர் பிழைக்கக் கற்ற வித்தை. அதே வித்தையை 34 வயதில் சிகிச்சை அறையில் செய்துகொண்டிருந்தேன், அதற்குப் பணமும் கட்டிக்கொண்டிருந்தேன். தனக்கேற்ற சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கவும் தவறானவரிடமிருந்து எழுந்து வரவும் எந்தத் திறமை வேண்டுமோ, அந்தத் திறமையைத்தான் இந்தக் காயம் முதலில் பறிக்கிறது. பிற நோயாளிகளுக்குச் சொல்லும் ‘பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரை எங்களுக்குப் போதாது. பிடிக்கவில்லை என்பதே எங்களுக்குத் தெரியாது. ஆகவே புதிதாகத் தொடங்குவோருக்கு என் ஆலோசனை, மொத்தக் கட்டணம் கட்டாதீர்கள், முதல் நான்கு அமர்வுகளைச் சோதனைக் காலம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள், ஐந்தாவதற்கு வருவதா என்பதை அந்த அறைக்கு வெளியே, முடிந்தால் நம்பிக்கையான ஒருவரோடு பேசி முடிவு செய்யுங்கள். மன்னிப்பு என்பது உங்கள் விருப்பம்; அது குணமாவதற்கான நிபந்தனை அன்று.

இரண்டாமவரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அங்கே போனது என் அவசரம். மறந்துபோன நினைவுகளை மீட்டால்தான் முழுக்குணம் என்று சொல்பவர் அவர். கண்ணை மூடவைத்து, குரலைத் தாழ்த்தி, ‘இன்னும் உள்ளே போங்கள், அங்கே வேறு யார் நிற்கிறார்கள்?’ என்று கேட்பார். கேட்பவருக்கு ஒரு பதில் தேவைப்படுகிறது என்று தெரிந்தால் கொடுத்துவிடும் ஆள் நான் என்பதை மேலே சொல்லிவிட்டேன். நினைவைப் பற்றி ஆராய்ந்த எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தைச் சொல்லிக் கேட்டபோது, பங்கேற்ற 24 பேரில் கால்வாசிப் பேர் அதை முழுமையாகவோ ஓரளவோ ‘நினைவுகூர்ந்தனர்’. இப்படிக் கண்ணை மூடவைத்து அரைமயக்க நிலைக்குக் கொண்டுபோகும் ஹிப்னாஸிஸ் ஒரு நினைவின் மீதுள்ள உறுதியைக் கூட்டுமே தவிர, அதன் துல்லியத்தைக் கூட்டும் என்று நம்ப முடியாது. இந்த ஆய்வுகளைக் காட்டிச் சிறுவயதுக் கொடுமைகளையே பொய் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நான் இல்லை. என் நினைவுகளில் பெரும்பாலானவை ஒருநாளும் என்னைவிட்டுப் போகாதவை, யாரும் மீட்டுத் தர வேண்டியிராதவை. ஆனால் அங்கே ஒன்பது அமர்வுகள் முடிந்து வெளியே வந்தபோது, உண்மையா கற்பனையா என்று என்னாலேயே சொல்ல முடியாத ஒரு காட்சி கூடுதலாக என்னிடம் இருந்தது. இன்றும் இருக்கிறது. அது எனக்கு நேர்ந்த இழப்புகளில் பெரியது, ஏனெனில் என் சாட்சியத்தில் ஒரு துளை விழுந்துவிட்டது.

அதற்குப் பின் எட்டு மாதங்கள் எங்கும் போகவில்லை. அந்த நாட்களில்தான் இதற்கென ஒரு பெயர் இருப்பதைப் படித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு 2019 மே மாதத்தில் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் மனவடுவுக்குப் பிந்தைய மன அழுத்த நோயான பி.டி.எஸ்.டி. 6பி40 என்ற எண்ணிலும், அதன் சிக்கலான வடிவமான காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி. 6பி41 என்ற எண்ணிலும் தனித்தனியாக உள்ளன. நடந்தது இப்போதே மீண்டும் நடப்பதுபோல் உணர்வது, அதை நினைவூட்டுபவற்றைத் தவிர்ப்பது, ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்ற விழிப்பு ஆகிய மூன்றும் இரண்டுக்கும் பொது. இரண்டாவதற்குக் கூடுதலாக, உணர்ச்சிகளைக் கட்டுக்குள் வைக்க முடியாமை, தான் பயனற்றவர், தோற்றவர் என்ற ஆழமான எண்ணம், பிறரோடு நெருக்கத்தைத் தக்கவைக்க முடியாமை ஆகியவையும் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் நான் என் குணம் என்றே நம்பியிருந்தேன். கோபக்காரன், தாழ்வு மனப்பான்மை உடையவன், ஒட்டாதவன் என்று உறவினர்கள் வைத்த பெயர்கள், ஒரு பட்டியலில் அறிகுறிகளாக வரிசையாக நின்றன. முதலில் அழுகை வந்தது, அப்புறம் நீண்ட நேரம் கோபம் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. ஆகவே சில மருத்துவர்கள் இந்தப் பெயரைப் பயன்படுத்தாமலே இதற்குச் சிகிச்சை தருகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. பெயரைச் சொல்லாதவர் எல்லாம் விவரம் அறியாதவர் அல்லர்.

மூன்றாமவரைத் தேர்ந்தெடுக்கும்போது தொலைபேசியில் கேட்க நான்கு கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன், ஏனெனில் குரல் கேட்டதும் எனக்கு எல்லாம் மறந்துவிடும். சிறுவயதில் நெடுங்காலம் கொடுமைக்கு ஆளானவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, எந்த முறையில்? அமர்வின் நடுவே எனக்கு உணர்வு விலகிப்போனால் என்ன செய்வீர்கள்? முன்னேற்றம் உண்டா இல்லையா என்பதை எப்படி அளப்பீர்கள்? நான் சொல்வதில் எதையெல்லாம் வெளியே சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது? இரண்டு பேர் கேள்விகளைக் கேட்டே எரிச்சலடைந்தார்கள்; அதுவே விடையாயிற்று. மூன்றாவதாகப் பேசிய பெண்மணி ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்கு அவர் சொன்னது முக்கியமானது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்றால் இரகசியம் காக்க முடியாது, இப்போது ஏதேனும் ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தாலும் அப்படித்தான், ஆகவே அந்த நபர் இன்றும் குழந்தைகளோடு பழகுகிறாரா என்பதை எப்போது பேசுவது என்று நாம் இருவரும் சேர்ந்து தீர்மானிப்போம் என்றார். இந்தச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் வாய் திறப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும். தெரியாமல் சொல்லிவிட்டுப் பிறகு காவல்துறைக்குத் தகவல் போகிறது என்று அறிவதைவிட, தெரிந்தே சொல்வது எவ்வளவோ மேல்.

முதல் அமர்வில் அவர் கதையைக் கேட்கவில்லை. ‘இங்கிருந்து எப்படி வீட்டுக்குப் போவீர்கள்? போனதும் யார் இருப்பார்கள்?’ என்று கேட்டார். பேருந்துச் சீட்டைப் பற்றி அப்போதுதான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன். அதற்கு டிஸ்ஸோசியேஷன் என்று பெயர், தாங்க முடியாத ஒன்றின்போது மனம் தன்னைத்தானே துண்டித்துக்கொள்வது, சிறுவயதில் அது உங்களைக் காப்பாற்றியிருக்கும் என்றார். அடுத்த அமர்வில் நடந்தது எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருக்கிறது. பேசிக்கொண்டே இருந்தவர், ‘அந்த நாற்காலியைக் கொஞ்சம் சன்னல் பக்கம் நகர்த்துகிறீர்களா?’ என்றார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தேன். ‘உட்காருங்கள். மறுபடியும் கேட்கிறேன். இந்த முறை முடியாது என்று சொல்லுங்கள்’ என்றார். கேட்டார். என் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கை வியர்த்தது. ஒரு நாற்காலி, விளையாட்டாகக் கேட்ட கேள்வி, மறுக்கச் சொல்வதே அவர்தான். அப்படியும் ஒரு சொல்லை வெளியே தள்ள எனக்கு நான்கு முயற்சிகள் வேண்டியிருந்தன. நான்காவது முறை ‘இப்போது முடியவில்லை, மன்னிக்கவும்’ என்றேன். ‘மன்னிக்கவும் வேண்டாம், மறுபடியும்’ என்றார். அந்த அமர்வு முழுவதும் அதிலேயே போயிற்று. பிறகு ஒரு கையை உயர்த்தினால் எந்த வாக்கியமாக இருந்தாலும் அங்கேயே நிறுத்துவது என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். அதைச் சோதிப்பதற்காக, காரணமே இல்லாமல் இரண்டு முறை உயர்த்திப் பார்த்தேன். இரண்டு முறையும் சொல்லின் நடுவிலேயே நிறுத்தினார்.

அடுத்த நான்கு மாதங்கள் உடலை ஆளக் கற்பதில் கழிந்தன. மூளையின் அபாய மணியான அமிக்டலா, இன்றைய கதவுச் சத்தத்துக்கும் அன்றைய கதவுச் சத்தத்துக்கும் வேறுபாடு பாராமல் அடித்துவிடுகிறது. அது அடிக்கும்போது நிதானமாகச் சிந்திக்கும் முன்பகுதி பின்வாங்கிவிடுகிறது. ஆகவே அந்த நேரத்தில் அறிவுரை வேலை செய்யாது, புலன்கள்தான் வேலை செய்யும். இங்கே ஓர் எச்சரிக்கை. எங்கும் சொல்லப்படும் ‘கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள்’ என்ற பயிற்சி எனக்குக் கேடாக முடிந்தது. கண்ணை மூடினால் நான் பாதுகாப்பற்றவன், உடலுக்குள் கவனித்தால் அங்கேதான் பழைய பயம் இருக்கிறது. இதுகூடச் செய்ய முடியவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். இந்த வரலாறு உள்ள சிலருக்கு அப்படி நேர்வதுண்டு என்று அறிந்தபோது பெரிய ஆறுதல். அதற்குப் பதிலாகக் கண்ணைத் திறந்தே வைத்து, அறையில் நீல நிறப் பொருட்களை எண்ணுவது, மணிக்கட்டில் குளிர்ந்த நீர் விடுவது, இன்றைய தேதியையும் என் வயதையும் வாய்விட்டுச் சொல்வது என்று பழகினேன். எனக்கு மிகவும் உதவியது வீட்டுச் சாவி. அதன் பற்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவுவேன். ஐந்து பற்கள், மூன்றாவது கொஞ்சம் கூர்மை. சாவி என் கையில் இருக்கிறது என்பதற்கு, நான் கதவைப் பூட்டிக்கொள்ளக்கூடிய பெரியவன் என்றும் பொருள். நெருக்கடி நாட்களுக்கென ஒரு தாளும் எழுதினோம்: முதலில் என்ன செய்வது, யாரை அழைப்பது, கூடுதல் மாத்திரைகளை யார் வைத்திருப்பது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்த இரண்டு இரவுகளில் அந்தத் தாளின்படியே நடந்தேன், அப்போது யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

முதலில் நிலைப்படுத்துவது, பிறகு நினைவுகளைத் தொடுவது, அதன்பின் வாழ்க்கையோடு மீண்டும் இணைவது என்ற மூன்று கட்ட வரிசையின் வேர் பியர் ஜானே என்ற பிரெஞ்சு மருத்துவரின் 19-ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் இருக்கிறது. 1992-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் அதை விரிவாக வகுத்தார். இதை மறுப்பவர்களும் உண்டு. நீண்ட தயாரிப்பு தேவையில்லை, அது சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறது என்று டி யாங் முதலான ஆய்வாளர்கள் 2016-இல் வாதிட்டார்கள். இரு தரப்பையும் நான் என் உடம்பில் பார்த்துவிட்டேன். தயாரிப்பே இல்லாமல் இறங்கியதால் சிதைந்தேன். ஆனால் தயாரிப்பிலேயே ஒளிந்துகொள்ளவும் பார்த்தேன். நாலாம் மாதத்தில் வாரந்தோறும் புதுப்புது அலுவலகச் சண்டைகளைக் கொண்டுபோய் அமர்வை நிரப்பினேன். அவர் அதைக் கவனித்து, ‘சாவிப் பயிற்சி உங்களுக்கு நன்றாக வருகிறது. இனிக் காத்திருப்பது தவிர்ப்பதாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்டார். ஓராண்டுக்கு மேலாக நினைவுகளின் பக்கமே போகாமல், வாராவாரம் நடந்ததை மட்டும் பேசிக்கொண்டிருக்கும் சிகிச்சையில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைத் தாங்களே கேட்டுப்பார்க்க வேண்டும்.

நினைவுகளைத் தொடும் முறைகள் பல. கண்ணசைவோடு நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். முறையை 1989-இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ அறிமுகப்படுத்தினார். தன்னையே பழித்துக்கொள்ளும் சிந்தனைகளை எழுதி ஆராயும் முறை இருக்கிறது. நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகும் முறையும் இருக்கிறது. எனக்கு அவர் பரிந்துரைத்தது, போரிலும் சித்திரவதையிலும் தப்பியவர்களுக்காக உருவாக்கப்பட்ட கதைசொல்லல் முறை. தரையில் ஒரு கயிற்றை நீளமாகப் போட வேண்டும், அதுதான் வாழ்க்கை. நல்லவற்றுக்குப் பூ, கெட்டவற்றுக்குக் கல். பிறந்த நாளிலிருந்து தொடங்கி வரிசையாக வைக்க வேண்டும். 7 முதல் 11 வரை வெறும் கற்களாக அடுக்கினேன். அந்த இடத்தில் பூ எதுவுமே இல்லையா என்று கேட்டார், இல்லை என்றேன். இரண்டு வாரம் கழித்து, 9 வயதில் சைக்கிள் கற்றுக்கொண்ட நாள் நினைவுக்கு வந்தது. பின்னால் பிடித்துக்கொண்டிருந்த அக்கா எப்போதோ கையை விட்டிருந்தாள், நான் தெருமுனை வரை தனியாகப் போயிருந்தேன். ஒரு சின்னத் துணிப் பூவை எடுத்து இரண்டு பெரிய கற்களுக்கு நடுவே வைத்தேன். அடுத்து வந்த அமர்வுகளில் ஒவ்வொரு கல்லாக எடுத்து, எங்கே, எந்த வயதில், என்ன பார்த்தேன், உடலில் என்ன, இப்போது சொல்லும்போது உடலில் என்ன என்று நிதானமாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, அடுத்த முறை படித்துக் காட்டுவார், நான் திருத்துவேன். ஒவ்வோர் அமர்வும் 90 நிமிடம். கடைசி 15 நிமிடம் கதைக்கு இடமில்லை, என்னை இன்றைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு மட்டும். முதலாமவரிடம் நான் சொன்னதும் இதே கதைதான். ஆனால் அங்கே அதற்குள் விழுந்தேன். இங்கே எந்த இடத்திலும் கையை உயர்த்த முடியும் என்பதால், நின்று பார்த்தேன். மொத்தம் பதினொரு முறை உயர்த்தினேன். அமர்வு முடிந்த நாளில் வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளக்கூடாது என்பதை நான் மூன்றாவது முறைதான் கற்றேன். அன்று மாலை ஒரு கூட்டத்தில் கலந்துகொண்டு பேச்சு வராமல் நின்றேன்.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கும் பி.டி.எஸ்.டி.க்கும் தரப்படும் செர்ட்ரலின் என்ற மாத்திரை எனக்குத் தூக்கத்தையும் கோபத்தையும் ஓரளவு சீராக்கியது. அது இல்லாமல் கல்லைத் தொட்டிருக்க முடியுமா என்பது சந்தேகம். ஆனால் பழைய நாட்களில் பதற்றத்துக்கென எழுதித்தந்த பென்ஸோடயசெபைன் வகை மாத்திரையை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து போட்டிருந்தேன். பி.டி.எஸ்.டி.க்கு அவ்வகை மருந்துகளை வழிகாட்டுதல்கள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், மருத்துவரின் மேற்பார்வையில் சிறுசிறு அளவாகக் குறைக்க ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதங்கள் கற்களைவிடக் கடினமாக இருந்தன என்று சொன்னால் மிகையல்ல.

குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டும், அந்த நபரை நேருக்கு நேர் கேட்க வேண்டும் என்று பலர் எனக்கு ஆலோசனை சொன்னார்கள். அவை இரண்டும் சிகிச்சையின் பகுதி அல்ல. சொல்வதானால் யாரிடம், எதற்காக, அவர் நம்பாவிட்டால் அன்றிரவு எங்கே இருப்பேன் என்று மூன்றையும் முடிவு செய்த பிறகே சொல்ல வேண்டும். நான் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் நம்பினாள். உடனே அவள் கேட்ட கேள்வி, ‘இப்போது அந்த வீட்டில் பிள்ளைகள் யாரும் போய் வருகிறார்களா?’ என்பது. அதை இருவரும் சேர்ந்து விசாரித்தோம். அந்த நபர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். எனக்கு நிம்மதியும் வந்தது, ஏமாற்றமும் வந்தது, பிறகு எதற்கென்று தெரியாத துக்கம் ஒன்று பல வாரங்கள் நின்றது. அந்தத் துக்கமும் வேலையின் பகுதிதான் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நடந்ததற்கான துக்கத்தைவிட, நடக்காமலே போன சிறுவயதுக்கான துக்கம் நீளமானது.

கணக்குப் பார்த்தால், முதலிருவரிடம் 29 அமர்வுகள், மூன்றாமவரிடம் 61. வீணான தொகை ஏறத்தாழ இரண்டரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஏழு வாரச் சம்பளமில்லா விடுப்பு. காலத்தில் இரண்டு ஆண்டுகள். 61 என்பது கூடுதலாகத் தோன்றலாம். பிரிட்டனின் 2018-ஆம் ஆண்டு பி.டி.எஸ்.டி. சிகிச்சை வழிகாட்டுதலே இத்தகையவர்களுக்கு அமர்வுகளின் எண்ணிக்கையையும் நம்பிக்கை உருவாகும் காலத்தையும் நீட்டித்துக்கொடுக்கச் சொல்கிறது என்பதால், எட்டே அமர்வில் முடித்துவிடலாம் என்று உறுதி தருபவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கலாம். கனவுகள் இப்போது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. கதவுச் சத்தத்துக்கு உடம்பு இன்னும் திடுக்கிடுகிறது, ஆனால் சில நொடிகளில் இறங்கிவிடுகிறது. அந்தச் சந்தேகக் காட்சியைக் கயிற்றில் எங்கும் வைக்கவில்லை. கூழாங்கல் ஒன்றைத் தனியாகக் கயிற்றுக்கு வெளியே வைத்துவிட்டோம்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். சென்ற முறைக்கு முன் அவர் தொலைபேசியில் அழைத்து, வியாழக்கிழமை நேரத்தைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். செவ்வாயன்று எனக்கு வேலை எதுவும் இல்லை. தம்பி மகனுக்குச் சைக்கிள் பழக்க வருவதாகச் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். ‘செவ்வாய் முடியாது’ என்றேன். ‘சரி, வேறு நாள் பார்ப்போம்’ என்று வைத்துவிட்டார். அதன்பின் கொஞ்ச நேரம் கை நடுங்கிக்கொண்டிருந்தது. சாவியை எடுக்கவில்லை, தானாகவே நின்றுவிட்டது.